உறைபனிக்கு முந்தின சாயங்காலம்: சோதனைகளை விசுவாசத்தினால் மேற்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் பிறந்துவிட்டால், நீலகிரியில் பள்ளமான இடங்களில் தேயிலை வைத்திருப்பவர்கள் மதியத்துக்குப் பிறகு அடிக்கடி வானத்தைப் பார்ப்பார்கள். மேகம் ஒன்றுமில்லாமல் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்து, காற்றும் அடங்கிவிட்டால், அன்றிரவு உறைபனி விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே தாகைச் செடியையும் காய்ந்த புல்லையும் அறுத்துக்கொண்டுவந்து இளஞ்செடிகளின்மேல் பரப்பி மூடிவிடுவார்கள். விடியற்காலையில் எழுந்துபோய்த் தண்ணீர் தெளிப்பவர்களும் உண்டு. ஆனால் முந்தின சாயங்காலமே மூடியவருடைய செடி எது, மூடாதவருடைய செடி எது என்பதை வெயில் ஏறியபின் கருகிய கொழுந்தே காட்டிக்கொடுத்துவிடும்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து வீடுகளில் பல ஆண்டுகளாக ஜெபக்கூட்டம் நடத்திவருகிறேன். சோதனையில் விழுந்து கண்ணீரோடு பேச வந்தவர்களில் பெரும்பாலோர் விசுவாசமில்லாதவர்கள் அல்லர். அவர்கள் சாயங்காலத்தில் மூடிவைக்காதவர்கள். சோதனை வந்து நிற்கும் நிமிடத்தில் எப்படியாவது பலம் வந்துவிடும் என்று நம்பியிருந்தவர்கள். நானும் அப்படித்தான் ஒருகாலத்தில் விழுந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன். கீழே உள்ள படிகளை வரிசையாகக் கைக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் முடித்துவிடவேண்டும் என்று அவசரப்பட வேண்டாம்.

முதல் படி: வந்திருப்பது எந்தச் சோதனை என்று பிரித்தறியுங்கள்

தமிழ் வேதாகமத்தில் 'சோதனை' என்ற ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது. யாக்கோபு தம் நிருபத்தின் 1ஆம் அதிகாரம் 2ஆம் வசனத்தில், பலவிதமான சோதனைகளில் அகப்படும்போது அதை மிகுந்த சந்தோஷமாக எண்ணச் சொல்கிறார். அதே அதிகாரத்தின் 13ஆம் வசனத்திலோ, "சோதிக்கப்படுகிற எவனும், நான் தேவனால் சோதிக்கப்படுகிறேன் என்று சொல்லாதிருப்பானாக" என்கிறார். மூலமொழியாகிய கிரேக்கத்திலும் இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றுதான். முன்னது வெளியிலிருந்து நம்மேல் வந்து விழும் பாடு: பசுந்தேயிலை விலை சரிவது, மழையில் மண் சரிந்து வீட்டுச் சுவர் போவது, நோய், படித்த பிள்ளைக்கு வேலை கிடைக்காதது. பின்னது உள்ளேயிருந்து நம்மை இழுக்கும் இச்சை. பாட்டைப் பொறுமையோடு சகிக்க வேண்டும். இச்சையைச் சகித்துக்கொண்டு கூடவே வைத்திருக்கக் கூடாது. மருந்து வேறு வேறு என்பதால்தான் முதலில் நோயைப் பிரித்தறிய வேண்டும் என்கிறேன்.

இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் உண்டு. இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசமிருந்து பசியடைந்தார். பசி பாவமல்ல, அது பாடு. ஆனால் பிசாசு அந்தப் பசியின் வழியாகவே உள்ளே நுழையப் பார்த்தான். இலை விலை விழுந்த மாதத்தில் வாரக் கடனை எப்படிக் கட்டுவது என்று கலங்குவது பாடு. அந்தக் கலக்கத்தில் கைப்பேசியைத் திறந்து, ரம்மியில் ஐந்நூறை ஐயாயிரமாக்கிவிடலாம் என்று எண்ணுவது இச்சை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, ஒருபுறம் 'என்மேல் வந்தது' என்றும் மறுபுறம் 'என்னை இழுப்பது' என்றும் எழுதுங்கள். தன் குடியை 'என்மேல் வந்தது' என்ற பக்கத்தில் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கேதான் திருத்தம் தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: இழுப்பு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

"அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்" என்று யாக்கோபு 1:14 சொல்கிறது. முதலில் இழுப்பு, பிறகு சிக்கு. தாவீது பத்சேபாளோடு பாவம் செய்ததைப் பேசும் நாம், 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தைக் கடந்துவிடுகிறோம். ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் தாவீது யோவாபை அனுப்பிவிட்டு எருசலேமில் இருந்துவிட்டான். சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகையின்மேல் உலாவினான். அதன்பிறகுதான் கண் போனது. அவன் விழுந்தது உப்பரிகையில் என்றாலும், சரிவு தொடங்கியது யுத்தத்துக்குப் போகாத அன்றைக்கு.

இரண்டு வாரத்துக்கு, இழுப்பு வரும் ஒவ்வொரு முறையும் நான்கு விவரங்களை எழுதிவையுங்கள்: எந்த நேரம், எந்த இடம், யார் கூட இருந்தார்கள், அதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்ன நடந்தது. நான்காவது விவரம்தான் முக்கியம். வாடகை ஜீப் ஓட்டும் சகோதரர் ஒருவர், சாராயக் கடையைக் கண்டால் தன்னால் தாண்ட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழுதிப் பார்த்தபோது, சவாரி கிடைக்காத நாட்களில் மட்டுமே அவர் குடித்திருப்பது தெரிந்தது. வெறுங்கையோடு வீட்டுப் படியேற வெட்கப்பட்டு, பஸ் நிலையத்திலேயே ஏழு மணிவரை நின்றிருக்கிறார். அவருக்கு இழுப்பு தொடங்கியது கடை வாசலில் அல்ல, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பஸ் நிலையத்தில். ஆகவே, ஐந்து மணிக்கு மனைவிக்கு அழைத்து, "இன்றைக்குச் சவாரி இல்லை, வருகிறேன்" என்று சொல்லிவிடுவதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை.

மூன்றாம் படி: வெளிச்சம் இருக்கும்போதே மூடிவையுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நாள் செலவிட வேண்டும்.

மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இயேசு கொடுத்த மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வந்தவை: 8:3, 6:16, 6:13. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நாற்பது வருஷம் நடந்ததை நினைவூட்டும் பகுதி அது. பசியோடு வனாந்தரத்தில் நின்றவர் சுருளைத் தேடிப் புரட்டவில்லை. தம் நிலைமைக்குப் பொருந்திய வசனம் ஏற்கெனவே அவர் வாயில் இருந்தது. நீங்களும் உங்கள் நோட்டுப் புத்தகம் காட்டிய அந்த ஓர் இழுப்புக்கு ஏற்ற ஒரு வசனத்தை எடுங்கள். பணக் கவலை என்றால் எபிரெயர் 13:5, "நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை." கோபம் என்றால் யாக்கோபு 1:19. கண்ணின் இச்சை என்றால், யோபு தன் கண்களோடு உடன்படிக்கை பண்ணிக்கொண்டதைச் சொல்லும் 31:1. நிறை, அளவு, கணக்கு ஆகியவற்றில் இழுப்பு உள்ளவருக்கு நீதிமொழிகள் 11:1: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." பத்து வசனம் வேண்டாம், ஒன்று போதும். கொழுந்து எடுக்கும்போதும், பாத்திரம் கழுவும்போதும், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அது நாவில் ஊற வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. பிசாசும் வசனம் சொன்னான். தேவாலயத்து உப்பரிகையில் அவன் எடுத்தது 91ஆம் சங்கீதம். ஆனால் "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்ற பகுதியை விட்டுவிட்டான். வழியை விட்டு வெளியே குதிக்கிறவனுக்கு அந்த வாக்குத்தத்தம் கொடுக்கப்படவில்லை. வசனத்தைத் தாயத்துபோலக் கட்டிக்கொண்டு, போகக்கூடாத இடத்துக்குத் துணிந்து போகிறவர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜெபத்தைப் பொறுத்தவரை, பொதுவாக "பாதுகாத்தருளும்" என்று முடிக்காமல், நாளைக்கு வரக்கூடிய இடத்தையும் நேரத்தையும் பெயர்சொல்லி ஜெபியுங்கள். "நாளை சம்பள நாள், ஆண்டவரே, ஐந்தரை மணிக்கு அந்த முக்கில் அவர்கள் நிற்பார்கள்" என்று முந்தின இரவே சொல்லிவிடுங்கள். கெத்செமனேயில் இயேசு, "நீங்கள் சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று சொன்னது சேவகர் வருமுன்பே. சீஷர்கள் அந்த நேரத்தில் தூங்கினார்கள். சேவகர் வந்தபின் ஒருவன் பட்டயத்தை உருவினான், மற்றவர்கள் ஓடிப்போனார்கள்.

உபவாசத்தையும் விட்டுவிடாதீர்கள். நம் சபைகளில் லெந்து நாட்களிலும், கத்தோலிக்கச் சகோதரர் ஊட்டியிலுள்ள காந்தல் குருசடித் திருத்தலத்தில் தவக்காலத்திலும் கடைப்பிடிப்பது வெறும் சடங்கல்ல. பாவமில்லாத சோற்றுக்கே 'இப்போது வேண்டாம்' என்று சொல்லப் பழகிய உடல், பாவத்துக்கும் அதைச் சொல்லக் கற்றுக்கொள்ளும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்க வேண்டாம்; அவர்கள் தேநீரையோ தொலைக்காட்சியையோ விட்டுப் பழகலாம்.

பிறகு, கையால் செய்யவேண்டியவற்றைச் செய்யுங்கள். ஏடிஎம் அட்டையை மனைவியிடம் கொடுத்துவிடுவது, கைப்பேசியை இரவில் சமையலறையில் வைத்துவிட்டுப் படுப்பது, சூதாட்டச் செயலியை நீக்குவதோடு அதற்காகத் தொடங்கிய கணக்கையும் மூடுவது, வீட்டுக்கு நடக்கும் பாதையை மாற்றுவது. இவை விசுவாசக் குறைவு அல்ல. தாகைச் செடி பரப்புகிறவன் கர்த்தரை நம்பாதவன் என்று யாரும் சொல்வதில்லை.

நான்காம் படி: ஓட வேண்டியதற்கு ஓடுங்கள், நிற்க வேண்டியதற்கு நில்லுங்கள்

வேதம் இரண்டையும் கட்டளையிடுகிறது. "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்று யாக்கோபு 4:7 சொல்கிறது. "பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு நீ விலகியோடி" என்று 2 தீமோத்தேயு 2:22 சொல்கிறது. பயமுறுத்தல், பரிகாசம், விசுவாசத்தை விட்டுவிடச் சொல்லும் நெருக்கடி ஆகியவற்றுக்கு நிற்க வேண்டும். சரீர இச்சைக்கு நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. யோசேப்பு போத்திபாரின் மனைவியிடம் தன் வஸ்திரத்தையே விட்டுவிட்டு ஓடினான்.

அப்படி ஓடியவனுக்குக் கிடைத்தது சிறைச்சாலை. இதை மறைத்துவிட்டு, கீழ்ப்படிந்தால் உடனே ஆசீர்வாதம் வரும் என்று போதிப்பது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். பொய்க் கணக்கு எழுத மறுத்தவருக்கு வேலை போகலாம். அந்த நஷ்டத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, குடும்பத்தோடு பேசிவைப்பதும் சாயங்கால வேலைகளில் ஒன்று.

1 கொரிந்தியர் 10:13, சோதனையோடுகூட "அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும்" தேவன் உண்டாக்குவார் என்கிறது. போக்கு என்பது வெளியே போகும் வழி. பெரும்பாலும் அது மிகவும் சாதாரணமாக இருக்கும்: வந்து நிற்கும் பஸ், அழைக்கும் பிள்ளையின் குரல், 'எனக்கு வேலை இருக்கிறது' என்று எழுந்துவிடக்கூடிய ஒரு நொடி. அதிசயமாக ஏதோ நடக்கும் என்று காத்திருந்து, திறந்திருந்த கதவைப் பார்க்காமல் விட்டவர்கள் பலர்.

ஐந்தாம் படி: ஒருவரிடம் சொல்லுங்கள்

என்னுடைய விழுகை இந்தப் படியோடு சேர்ந்தது. இருபத்திரண்டு வயதில், சிறு விவசாயிகளிடம் இலை வாங்கும் ஒரு கொட்டகையில் நிறுத்துக் குறிக்கும் வேலையில் இருந்தேன். மழை நாளில் ஈரத்துக்கென்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பது வழக்கம். நான் மூன்றாகக் கழித்து, அந்த ஒரு கிலோவை வேறொரு பெயரில் எழுதிப் பணம் எடுத்தேன். பிறகு மழையில்லாத நாளிலும் கழிக்கத் தொடங்கினேன். ஒருநாள், சாக்குத் தாட்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, தொங்கு தராசின் முள்ளையும் என் நோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "தம்பி, இன்னைக்கு மழையே இல்லையே" என்றார். சண்டைபோடவில்லை, சீட்டை மடித்துக் கச்சைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு ஜெபித்தேன், அழுதேன், மறுநாள் மறுபடியும் கழித்தேன். மூன்று வாரம் இப்படியே போனது. தேவனிடம் மட்டும் அறிக்கையிட்டு, மனுஷர் முன் நல்லவனாகவே இருந்துவிடலாம் என்று எண்ணிய காலம் அது. கடைசியில் சபையின் மூப்பர் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எத்தனை கிலோ என்று எழுதிக்கொண்டு வா" என்றார். இரண்டு பக்கம் வந்தது. சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்ன லூக்கா 19:8ஐ வாசித்துவிட்டு, என்னோடு வீடு வீடாக வந்தார். அந்த அக்காவின் வீட்டில், பணத்தை எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு தேநீர் கொடுத்தார்கள். அந்த வேலை போய்விட்டது. ஆனால் அன்றோடு அந்த இழுப்பின் பலமும் உடைந்தது.

"உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்ற யாக்கோபு 5:16ஐ நாம் எளிதில் தாண்டிப்போகிறோம். சொல்வதற்கு ஒரே ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் பாலைச் சேர்ந்தவர், இரகசியம் காப்பவர், தானும் பாவி என்று அறிந்தவர். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பிறர் குற்றத்தைச் சபையெங்கும் பரப்புகிறவரிடம் சொல்லாதீர்கள். வாரத்தில் ஒருநாள், "இந்த வாரம் எப்படி?" என்று அவர் கேட்க வேண்டும், நீங்கள் உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: 'குளிருக்குக் கொஞ்சம்' என்ற பேச்சை அறிந்துகொள்ளுங்கள்

மலையில் குடி நுழையும் வாசல் இந்தச் சொல்தான். மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் கதகதப்பாகத் தோன்றுகிறது. உண்மையில் உடலின் சூடு அதனால் வேகமாக வெளியேறுகிறது. குளிரில் குடித்துவிட்டு வழியில் படுத்துவிடுகிறவருக்கு அதனால்தான் உயிராபத்து அதிகம்.

பல ஆண்டுகள் தினமும் குடித்தவருக்கு, "இன்றே தூக்கிப்போடு, ஜெபித்தால் போதும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். சிலருக்கு அது உயிரையே பறித்துவிடும். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்று அழைத்ததைக் கொலோசெயர் 4:14இல் வாசிக்கிறோம். வைத்தியம் விசுவாசத்துக்கு எதிரியல்ல.

ஏழாம் படி: விழுந்தால் அன்றைக்கே எழுந்திருங்கள்

பேதுரு மறுதலித்ததும் குளிரில்தான். குளிர்காலமானபடியால் ஊழியக்காரர் கரிநெருப்பு உண்டாக்கிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள் என்றும், பேதுருவும் அவர்களோடு நின்றான் என்றும் யோவான் 18:18 சொல்கிறது. உயிர்த்தெழுந்த கர்த்தர் திபேரியா கடற்கரையில் அவனைத் திரும்பச் சந்தித்தபோதும், அங்கே கரிநெருப்பு போட்டிருந்தது. மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை, "நீ என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டார். ஏன் மறுதலித்தாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அதற்கு முன்பே, "கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோலச் சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான், நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று சொல்லியிருந்தார். சுளகில் புடைக்கும்போது பதர் பறக்கும், மணி கீழே தங்கும். விழுந்த அன்றே 1 யோவான் 1:9ஐ வாசித்து அறிக்கையிடுங்கள், உங்கள் துணையாளரிடம் சொல்லுங்கள், யாருக்காவது நஷ்டம் உண்டாக்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள், பிறகு நோட்டுப் புத்தகத்தில் நான்கு விவரங்களையும் எழுதுங்கள். 'எப்படியும் விழுந்தாயிற்று, இந்த வாரம் போகட்டும்' என்ற எண்ணம் இரண்டாவது சோதனை; முதலாவதைவிட அதிகமானவர்களைக் கெடுப்பது அதுதான்.

எட்டாம் படி: நீங்காத பாட்டில் நிலைத்திருங்கள்

எல்லாவற்றையும் செய்தபிறகும் சில பாடுகள் நீங்குவதில்லை. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டினான். "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. அப்படிப்பட்டவரிடம் போய், உன் பாவத்தினால்தான் இது என்று சொல்லாதீர்கள். பிறவிக் குருடனைக் குறித்து அப்படிக் கேட்ட சீஷர்களை இயேசு திருத்தினார். அடிவாங்கும் மனைவியிடம், சிலுவையைச் சுமந்துகொள் என்றும் சொல்லாதீர்கள். அது அவளுடைய சிலுவையல்ல, அவனுடைய பாவம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எழுதிக்கொடுத்து, அன்றிரவு தங்க ஓர் இடம் பாருங்கள்.

பாட்டில் நிலைத்திருப்பதை நான் கற்றது, இலங்கையிலிருந்து வந்த பெரியவர்களிடம். இலங்கைத் தோட்டங்களிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா திரும்ப ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து இந்த மலைக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், பிறந்த ஊரையும் கல்லறைகளையும் விட்டுவந்த துக்கத்தோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஒரு பாட்டி, எண்பதைத் தாண்டியவர், ஒவ்வொரு வாரமும் 121ஆம் சங்கீதத்தைத்தான் கேட்பார். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று முதல் வசனத்தை அவர் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். இரண்டாம் வசனத்தைப் பிள்ளைகள் உட்பட நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லும்வரை கண்ணைத் திறக்கமாட்டார்.